பங்குதாரர்களின் பள்ளத்தாக்கு

பில்பாவோ

நெர்வியோன் ஆற்றங்கரையில் நிற்கும் கூகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் அதன் டைட்டானியப் போர்வையைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஃபிராங்க் கெரி வடிவமைத்து 1997-ல் திறக்கப்பட்ட கட்டடம் அது. என்னை அழைத்துப் போன பாஸ்க் நண்பர் ஓய்வு பெற்ற பொறியாளர். போர்வையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "உள்ளே இருக்கும் எஃகுச் சட்டத்தை எழுப்பியவர்கள் யார் தெரியுமா? உர்ஸ்ஸா. அங்கே வேலை செய்கிறவர்களே அதன் பங்குதாரர்கள்" என்றார். அவர் குரலில் கொஞ்சம் பெருமிதம் இருந்தது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

ஸ்பெயினின் வடக்கு ஓரத்தில், கடலுக்கும் மலைக்கும் நடுவே கிடக்கிறது பாஸ்க் நாடு. ஒரு காலத்தில் இரும்புத் தாது, உருக்காலை, கப்பல் கட்டுமானம் என்று புகைந்த பில்பாவோ இன்று சுற்றுலா நகரம். பழைய ஆலைகளின் தடம் ஆற்றோரத்தில் ஆங்காங்கே மிஞ்சியிருக்கிறது. நான் தேடி வந்தது இந்த நகரத்தை அல்ல. உர்ஸ்ஸா போன்ற ஏறத்தாழ எண்பது கூட்டுறவுகளுக்குத் தாய்மடியான ஒரு சிறு ஊரை. மலைகளுக்குள் ஒளிந்திருக்கும் அந்த ஊருக்குப் பாஸ்க் மொழியில் அர்ராசாத்தே என்று பெயர். ஸ்பானிய மொழியில் மொந்த்ராகோன். உலகம் அறிந்தது இரண்டாவது பெயரை.

மாலையில் பழைய நகரின் ஏழு தெருக்களுக்குப் போனோம். நண்பரின் கூட்டாளிகள் ஆறேழு பேர் சேர்ந்துகொண்டார்கள். இங்கே ஒரே கடையில் உட்கார்ந்து குடிக்கும் வழக்கம் இல்லை. ஒரு கடையில் ஒரு சிறு கோப்பை, ஒரு பின்ட்சோ. அடுத்த கடையில் இன்னொன்று. பின்ட்சோ என்றால் ரொட்டித் துண்டின் மேலோ குச்சியிலோ கோத்துத் தரும் ஒரு வாய் உணவு. ஆலிவ், நெத்திலி, ஊறவைத்த பச்சைமிளகாய் மூன்றையும் கோத்த 'கில்டா' என்பதை நான் மூன்று கடையிலும் விடாமல் கேட்டு வாங்கினேன். உப்பும் புளிப்பும் காரமும் ஒன்றாக நாக்கில் ஏறும்போது ஊறுகாய்க்குப் பழகிய நமக்கு அந்நியமாகவே தெரியவில்லை.

கிளம்பும் முன் எல்லோரும் ஒரே அளவு பணத்தை எடுத்து ஒருவர் கையில் கொடுத்தார்கள். இரவு முழுதும் எந்தக் கடையிலும் கணக்குத் தீர்த்தவர் அவர்தான். யார் எத்தனை கோப்பை குடித்தார் என்று ஒருவரும் எண்ணவில்லை. பணம் தீர்ந்ததும் மறுபடி ஒரு சுற்று வசூல். இதற்கு 'போத்தே' என்று பெயர். "நான் தருகிறேன், நீங்கள் சும்மா இருங்கள்" என்று கல்லாவின் முன் மல்லுக்கட்டும் நம் ஊர்ப் பழக்கம் இவர்களுக்குப் புரியாது. அங்கே தருகிறவர் உயர்ந்துவிடுகிறார், வாங்கிக்கொள்கிறவர் கடன்பட்டுவிடுகிறார். இங்கே பணம் முதலிலேயே பொதுவாகிவிடுகிறது.

கன்பசார் கணவாய்

பில்பாவோவிலிருந்து தென்கிழக்காக, துராங்கோ, எலோரியோ தாண்டிச் சாலை மலையேறுகிறது. நான் விருதுநகர்க்காரன். கரிசல் மண்ணும் கருவேல முள்ளும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்தப் பச்சை மிகையாகவே பட்டது. குற்றாலச் சாரலை ஆண்டு முழுக்க நீட்டிவைத்தால் எப்படியோ, அப்படி ஒரு தூறல். குடை பிடிக்கவும் தோன்றாது, பிடிக்காமல் இருந்தால் நனைந்தும் போவோம்.

சரிவுகளில் தனித்தனியே கல்வீடுகள். கீழ்த்தளம் மாட்டுக்கும் ஆட்டுக்கும், மேல்தளம் மனிதருக்கும் என்று கட்டிய பழைய பண்ணை வீடுகள். நீண்ட முடி தொங்கும் லாட்ச்சா இனச் செம்மறியாடுகள் மேய்ந்தன. இவற்றின் பாலில் செய்வதுதான் இடியாசாபல் பாலாடைக்கட்டி. கணவாயின் உச்சியில் ஒரு பண்ணை வீட்டுப் பெண்மணி எங்களுக்கு 'தாலோ' சுட்டுத் தந்தார். மக்காச்சோள மாவைக் கையால் தட்டி இரும்புக் கல்லில் வாட்டிய ரொட்டி. பிறகு மண் கிண்ணத்தில் ஆட்டுப் பாலை உறையவைத்த 'மமியா', மேலே தேன். ஒரு கிண்ணம் போதாது.

அருகே உதலாய்ட்ஸ் மலை. ஆயிரத்து நூறு மீட்டருக்கு மேல் உயரும் சுண்ணாம்புப் பாறை. அதன் காலடியில் பள்ளத்தாக்கு ஆழ்ந்து இறங்க, தேபா ஆற்றையொட்டித் தொழிற்சாலைக் கூரைகள் நீண்டு கிடந்தன. இவ்வளவு இடுக்கான மலைச்சந்தில் இவ்வளவு ஆலைகளா என்று முதலில் மலைப்பாக இருந்தது. இந்த வட்டாரம் சில நூற்றாண்டுகளாகவே இரும்பு அடித்த ஊர் என்றார் நண்பர். வாள், பூட்டு, ஆணி என்று தொடங்கியது, பிறகு அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, எந்திரக் கருவிகள் என்று வளர்ந்திருக்கிறது.

அர்ராசாத்தே

இருபதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். குறுகலான கல்தெருக்கள், பழைய மதில்வாயில், சதுக்கத்தில் நகரமன்றம், எதிரே புனித யோவான் தேவாலயம். 1941 பிப்ரவரியில் இந்தத் தேவாலயத்துக்கு உதவிப் பாதிரியாராக வந்தவர் ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியேத்தா. வயது 25. சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் பாஸ்க் மொழிப் பத்திரிகையில் எழுதியதற்காக, பின்னாளில் சர்வாதிகாரியான ஃபிராங்கோவின் ஆட்களிடம் சிறைப்பட்டு உயிர் தப்பியவர். பிரசங்கம் அவருக்குச் சரியாக வராது. மக்கள் சலிப்போடுதான் கேட்டார்கள் என்பது ஊரறிந்த கதை. இந்த மனிதர் மிதிவண்டியில் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்து என்ன செய்தார் என்பதுதான் நான் கேட்க வந்த கதை.

போருக்குப் பிறகு ஊரில் வேலையும் இல்லை, சாப்பாடும் இல்லை. ஊரின் பெரிய நிறுவனம் ஒரு பூட்டு ஆலை. அது நடத்திய பயிற்சிப் பள்ளியில் சில பிள்ளைகளுக்கே இடம். "மற்றப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பாதிரியார் கேட்டார். நிறுவனம் மறுத்தது. அவர் ஊர்க்காரர்களிடம் போனார். தெருமுனைகளில் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஒரு தொழிற்பள்ளிக்கு உதவ விரும்புகிறவர்கள் தங்களால் முடிந்ததைச் சீட்டில் எழுதிப் போடலாம். பணமும் தரலாம், உழைப்பும் தரலாம். ஊரில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் எழுதிப் போட்டார்கள். 1943-ல் இருபது மாணவர்களோடு பள்ளி தொடங்கியது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கொடுத்தவர்களை அவர் நன்கொடையாளர்களாக வைத்திருக்கவில்லை. 1948-ல் பள்ளியை நடத்த ஒரு சங்கம் அமைத்தார். கொடுத்த பெரியவர்கள், மாதச் சந்தா கட்டியவர்கள், பணம் தந்த நிறுவனங்கள் என்று எல்லாத் தரப்புக்கும் அதில் உறுப்பினர் இடம் உண்டு, பள்ளி நிர்வாகத்தில் குரல் உண்டு. அரசின் அனுமதியில்லாமல் கூட்டம் கூட முடியாத ஃபிராங்கோ காலத்தில், ஓட்டுப் போட்டுப் பழகிய இடம் ஒரு தொழிற்பள்ளிச் சங்கம்.

அந்தப் பள்ளியிலிருந்து 11 பேர் சரகோசா பல்கலைக்கழகத்தில் வெளித்தேர்வராக எழுதிப் பொறியாளர் ஆனார்கள். அவர்களில் சிலர் பூட்டு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1950-களில் ஆலை தன் மூலதனத்தைப் பெருக்கியபோது, தொழிலாளர்களும் பங்கு வாங்க அனுமதிக்கும்படி கேட்டார்கள். இரண்டாம் முறையும் மறுப்பு. ஐந்து பேர் வேலையை விட்டார்கள். உசத்தோரே, லாரன்யாகா, கொரொன்யோகோய்த்தியா, ஓர்மயேச்சேயா, ஓர்துபாய். ஐவர் பெயரின் எழுத்துகளைக் கூட்டி 'உல்கோர்' என்று தங்கள் புதிய கூட்டுறவு நிறுவனத்துக்குப் பெயர் வைத்தார்கள். என்ன தொழில் என்றே முடிவாகாத நிலையில் ஊரில் ஏறத்தாழ நூறு பேர் பணம் கொடுத்தார்கள் என்பதைக் கேட்டபோது எனக்கு நம்பக் கடினமாக இருந்தது. 1956-ல் அவர்கள் செய்யத் தொடங்கியது மண்ணெண்ணெய் அடுப்பு.

தேவாலயத்துக்கு எதிரே ஒரு காப்பிக் கடையில் எழுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவரைச் சந்தித்தேன். இந்தக் கதையை எல்லோரும் ஐந்து ஆண்களோடும் ஒரு பாதிரியாரோடும் முடித்துவிடுகிறார்கள் என்பது அவர் மனத்தாங்கல். ஆரம்ப காலத்தில் கல்யாணமான பெண்ணுக்குக் கூட்டுறவில் இடமில்லை. தாலி ஏறிய நாளோடு வேலை போய்விடும் என்று நம் பாஷையில் சொல்லலாம். 1969-ல் அவுசோ லாகுன் என்ற பெண்கள் கூட்டுறவு வந்தது. ஆலைகளுக்குச் சமையல், துப்புரவு, துணி வெளுப்பு என்று வீட்டில் கூலியில்லாமல் செய்த வேலைகளையே பகுதிநேரத் தொழிலாக்கிக்கொண்டார்கள். "அங்கேதான் முதல் தடவையாகப் பேரவைக் கூட்டத்தில் கை தூக்கினேன். வீட்டுக்காரர் நம்பவே இல்லை" என்று சிரித்தார்.

ஓத்தலோரா

ஊருக்கு வெளியே, அரேச்சபலேத்தாவில் பழைய கோபுர வீடு ஒன்றைப் பயிற்சி மையமாக மாற்றியிருக்கிறார்கள். அதற்கு ஓத்தலோரா என்று பெயர். உலகெங்குமிருந்து பேராசிரியர்களும் தொழிற்சங்கக்காரர்களும் இங்கே வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போகிறார்கள். தடித்த கல்சுவர், வெளியே ஆப்பிள் மரங்கள், உள்ளே வெள்ளைப் பலகை. ஒரு கூட்டுறவில் முப்பது ஆண்டு வேலை பார்த்த பயிற்சியாளர் அந்தப் பலகையில் '100' என்று எழுதினார்.

நூறு யூரோ உபரி வந்தால் என்ன ஆகும்? முதலில் பத்து யூரோவைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். கல்வி, கூட்டுறவு வளர்ப்பு, பொதுநலம் ஆகியவற்றுக்கு. பாஸ்க் கூட்டுறவுச் சட்டமும் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதைவிட நான்கு மடங்குக்கும் மேலான தொகை சேமநிதிக்குப் போகிறது. அது யாருக்கும் சொந்தமில்லை. கூட்டுறவைக் கலைத்தாலும் பிரித்துக்கொள்ள முடியாது. மீதி, உறுப்பினர்களின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. கையில் பணமாகக் கிடைக்காது. ஓய்வு பெறும்போதோ விலகும்போதோதான் முதல் திரும்ப வரும். அதுவரை வட்டி மட்டும். விகிதம் கூட்டுறவுக்குக் கூட்டுறவு கொஞ்சம் மாறும், முறை ஒன்றுதான்.

"உங்கள் பங்கை எனக்கு விற்க முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியாது. நீங்கள் இங்கே வேலைக்கு வந்தால் உங்களுக்கே ஒன்று கிடைக்கும்" என்றார்.

உறுப்பினராகச் சேர ஏறக்குறைய ஓராண்டின் கடைநிலைச் சம்பள அளவுக்குப் பங்குத்தொகை கட்ட வேண்டும். ரொக்கமாக இல்லாதவர்கள் சம்பளத்தில் தவணையாகக் கட்டலாம். யாருடைய கணக்கில் எவ்வளவு இருந்தாலும் பேரவையில் ஆளுக்கு ஒரே ஓட்டு. தலைமை நிர்வாகியின் சம்பளம் கடைநிலைச் சம்பளத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கைத் தாண்டக் கூடாது. ஆரம்பத்தில் இது மூன்று மடங்காக இருந்தது.

அந்தப் பத்து யூரோ எங்கே போகிறது என்பதைத்தான் நான் துருவித் துருவிக் கேட்டேன். ஒரு பகுதி எல்லாக் கூட்டுறவுகளுக்குமான பொது நிதிக்கு. அது பெரும்பாலும் கல்விக்கும் ஆய்வுக்கும். மீதியை எதற்குச் செலவிடுவது என்பதை அந்தந்தக் கூட்டுறவே முடிவு செய்கிறது. ஒரு கூட்டுறவு பாஸ்க் மொழிப் பள்ளிக்குக் கொடுக்கும், இன்னொன்று ஊர் நூலகத்துக்கு, மற்றொன்று மொசாம்பிக்கில் விவசாயிகளோடு வேலை செய்யும் முந்துகிதே என்ற அமைப்புக்கு. 1999-ல் தொடங்கிய அந்த அமைப்பு அங்கே போய்ச் செய்வதும் கூட்டுறவு வேலைதான்.

பயிற்சியாளர் சொன்ன ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. பங்குச் சந்தையில் பங்கு வைத்திருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலையைப் பார்க்கிறார். பிடிக்காவிட்டால் விற்றுவிட்டுப் போகிறார். முப்பது வருடம் அப்படி விற்றுவிட்டுப் போக முடியாதவர் வேறு மாதிரி யோசிப்பார். தன் பிள்ளை படிக்கப் போகும் பள்ளி, தான் முதுமையில் நடக்கப் போகும் தெரு, நாளை தன் பக்கத்தில் நின்று எந்திரம் ஓட்டப் போகும் பையனின் படிப்பு எல்லாமே அவருக்குச் சொந்தக் கணக்கில் வருகிறது. பத்து சதவீதம் தயவால் வருவதல்ல. விற்றுவிட்டுப் போக வழியில்லாதவரின் புத்திசாலித்தனம்.

பள்ளியும் வங்கியும்

மறுநாள் பாதிரியாரின் தொழிற்பள்ளி என்ன ஆனது என்று பார்க்கப் போனோம். அது 1997-ல் மொந்த்ராகோன் பல்கலைக்கழகமாகிவிட்டது. பல்கலைக்கழகமும் கூட்டுறவுதான். ஆசிரியர்களும் ஊழியர்களும் ஒரு தரப்பு, மாணவர்கள் ஒரு தரப்பு, ஆதரவு தரும் நிறுவனங்கள் ஒரு தரப்பு. 1948-ன் பள்ளிச் சங்கம் அப்படியே வளர்ந்திருக்கிறது.

எந்திரவியல் படிக்கும் மாணவி ஒருத்தி பட்டறையைச் சுற்றிக் காட்டினாள். கட்டணம் கட்டப் பகுதிநேர வேலை செய்வதாகச் சொன்னாள். அது இங்கே பழைய மரபு. 1966-ல் தொடங்கிய அலேகோப் என்ற கூட்டுறவில் மாணவர்கள் பாதி நாள் படிப்பார்கள், பாதி நாள் உற்பத்தியில் வேலை செய்வார்கள். உதவித்தொகைக்குக் கைநீட்ட வேண்டாம். தாங்களே சம்பாதித்துப் படிக்கலாம். கூடவே, பேரவையில் உட்கார்ந்து பழகவும் செய்வார்கள்.

பள்ளிக்கு அடுத்தபடி வங்கி. 1959-ல் பாதிரியார் ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கலாம் என்றபோது ஐந்து பொறியாளர்களுமே சிரித்தார்கள் என்று சொல்கிறார்கள். காஹா லபோரால் என்று பெயர் வைத்து ஊர் ஊராகக் கிளை திறந்தார்கள். மக்களைச் சேமிக்கச் சொல்ல அவர்கள் வைத்த முழக்கம்: சேமிப்புப் புத்தகமா, பெட்டி படுக்கையா? சேமித்தால் இங்கேயே வேலை பிறக்கும். இல்லையேல் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். சிவகாசி, திருப்பூர், துபாய் என்று பெட்டி கட்டியே பழகிய நம் ஊர்களின் சுவரிலும் எழுதி வைக்கத் தக்க வாசகம். கூட்டுறவு உறுப்பினர்கள் தொழிலாளர்கள் அல்ல, முதலாளிகள் என்று சொல்லி ஸ்பெயின் அரசு சமூகப் பாதுகாப்பை மறுத்தபோது, அதையும் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். லாகுன் அரோ என்ற அந்த நிதிதான் ஓய்வூதியத்தையும் மருத்துவத்தையும் பார்த்துக்கொண்டது.

ச்சோகோவில் ஓர் இரவு

பாஸ்க் ஊர்களில் 'ச்சோகோ' என்றொரு ஏற்பாடு உண்டு. சிலர் சேர்ந்து ஒரு சமையலறையை வைத்துக்கொள்கிறார்கள். உறுப்பினர் யார் வேண்டுமானாலும் வந்து சமைக்கலாம். அலமாரியிலிருந்து எடுத்த எண்ணெய்க்கும் மதுவுக்கும் தாங்களே சீட்டில் எழுதிப் பெட்டியில் பணம் போட வேண்டும். கண்காணிக்க ஆளில்லை. நண்பரின் ச்சோகோவில் அன்று தோலோசா கருப்புப் பயறு, கூடவே முட்டைகோசும் பன்றி இறைச்சியும். பிறகு ஆலிவ் எண்ணெயில் மெல்லச் சுழற்றிச் சுழற்றிக் குழம்பாக்கிய உப்புக் கருவாட்டுக் காட் மீன். சமைத்தவர்கள் எல்லோரும் ஆண்கள். நெடுங்காலம் இந்த அடுக்களைகளுக்குள் பெண்களை விடாமலே வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மேசையில் இருந்தவர்களில் ஒருவர் ஃபாகோரில் வேலை பார்த்தவர். உல்கோர்தான் பின்னாளில் ஃபாகோர் வீட்டு உபகரண நிறுவனம் ஆனது. இந்த இயக்கத்தின் மூத்த பிள்ளை. ஸ்பெயினில் வீடு கட்டும் தொழில் சரிந்ததும் அடுப்பும் துணி துவைக்கும் எந்திரமும் விற்கவில்லை. கடன் ஏறியது. மற்றக் கூட்டுறவுகள் சில ஆண்டுகள் கைகொடுத்தன. ஒரு கட்டத்தில் இனி முடியாது என்றன. 2013-ல் நிறுவனம் திவாலானது.

"வேலை போகவில்லை. என்னை வேறு கூட்டுறவுக்கு மாற்றினார்கள். வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்தார்கள். தெருவில் நின்றவர்கள் குறைவு" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "முப்பது வருடப் பங்குத்தொகை போனது. அது என் ஓய்வுக்காலப் பணம்" என்றார். சேமிப்பைக் கூடுதலாகக் கடன் கொடுத்தவர்களும் இழந்தார்கள். ஊரில் சில குடும்பங்களுக்குள் அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை.

இந்த முறையின் பலவீனத்தை ஒளிக்காமல் சொன்னவர்கள் இங்கேதான் கிடைத்தார்கள். பத்து சதவீதம் உபரியிலிருந்து வருகிறது. உபரி இல்லாத ஆண்டில் பூஜ்யத்தில் பத்து சதவீதம் பூஜ்யமே. போலந்திலும் மெக்சிகோவிலும் சீனாவிலும் உள்ள ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் பங்குதாரர்கள் அல்ல, வெறும் ஊழியர்கள். அவர்கள் உழைப்பில் வந்த லாபத்தின் பத்து சதவீதமும் இந்தப் பள்ளத்தாக்கின் பள்ளிக்கு வருகிறது என்றால் அது நியாயமா என்று ஒருவர் மேசையைத் தட்டிக் கேட்டார். பதில் சொல்ல யாரும் முந்தவில்லை. 2022 டிசம்பரில் ஓரோனா, உல்மா என்ற இரண்டு பெரிய கூட்டுறவுகள் ஓட்டெடுப்பு நடத்தி மொந்த்ராகோன் கூட்டுறவுக் குழுமத்திலிருந்து விலகின. பொதுச் சுமையைச் சுமப்பதா, தனியே நடப்பதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக ஓட்டுப் போட வேண்டியிருக்கிறது. மற்றபடி ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் இன்னும் இந்தக் குழுமத்தில் வேலை பார்க்கிறார்கள்.

கிளம்பும்போது நண்பர் சீட்டில் எழுதினார்: எண்ணெய் இவ்வளவு, சாக்கோலி மது மூன்று புட்டி. நான் பார்க்கிறேனே என்பதற்காக இல்லை. யார் பார்க்காவிட்டாலும் எழுதித்தான் இருப்பார்.

ஓன்யாத்தி

அடுத்த மலைமடிப்பில் ஓன்யாத்தி. செல்வம் தெரியும் ஊர். அதன் நடுவே 16-ஆம் நூற்றாண்டுப் பல்கலைக்கழகக் கட்டடம். முகப்பில் கல் சிற்பங்கள், உள்ளே இரண்டடுக்குத் தாழ்வாரம் சூழ்ந்த முற்றம். ரோட்ரிகோ மெர்காதோ தெ சுவாசோலா என்ற ஆயர் தன் சொந்தச் செல்வத்தில் நிறுவியது. பாஸ்க் நாட்டின் முதல் பல்கலைக்கழகம் இதுவே.

ஒரு பணக்காரரின் கொடை இங்கே. ஊர்ச் சீட்டுப் பெட்டியின் பள்ளி மலைக்கு அந்தப்பக்கம். கொடை தோற்றது, கூட்டு வென்றது என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஆயரின் பல்கலைக்கழகம் இடையிடையே மூடித் திறந்தாலும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது. பாதிரியாரின் பள்ளி இன்னும் ஒரு நூற்றாண்டைக்கூட எட்டவில்லை. ஆயுளை வைத்து அளந்தால் ஆயர்தான் முன்னே நிற்கிறார்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆயரின் பல்கலைக்கழகத்தில் என்ன கற்பிப்பது, யாருக்குக் கற்பிப்பது என்பதை ஓன்யாத்தியின் கொல்லரும் இடையரும் ஒருநாளும் தீர்மானித்ததில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மூடப்பட்டபோதும் அவர்களைக் கேட்கவில்லை. மலைக்கு அந்தப்பக்கம் எந்திரப் படிப்பு வேண்டும் என்றதும், மின்னணுவியல் ஆய்வுக்கு 1974-ல் இகெர்லான் மையம் வேண்டும் என்றதும் அந்த மக்களே. கொடுப்பவரே தீர்மானிப்பவராகவும், பயன் பெறுபவரின் அண்டைவீட்டாராகவும் இருந்தால் நிதி காலத்துக்கு ஏற்ப உருமாறும்.

அரான்ட்சாசு

ஓன்யாத்தியிலிருந்து சாலை செங்குத்தாக ஏறி அரான்ட்சாசு மடத்தில் முடிகிறது. 15-ஆம் நூற்றாண்டில் ஓர் இடையன் முட்புதரில் மாதா சிலையைக் கண்டெடுத்தான் என்பது தலபுராணம். 1950-களில் புதிதாக எழுப்பிய கோயிலின் முகப்பில் ஹோர்கே ஓத்தெய்சா செதுக்கிய 14 சீடர்கள் வரிசையாக நிற்கிறார்கள். குடல் நீக்கியதுபோல உள்ளீடற்ற உடல்கள். தன்னைப் பிறருக்காக வெறுமையாக்கிக்கொண்டவர்கள் என்று பக்தர்கள் பொருள் சொல்கிறார்கள். கதவுகள் எதுவார்தோ சிலீதா செய்தவை. துருவேறிய இரும்பில்.

ஃபிராங்கோ ஒடுக்கிய பாஸ்க் மொழிக்குப் பொது எழுத்துவழக்கு வகுக்க அறிஞர்கள் 1968-ல் கூடிய இடமும் இதுவே. அந்த மொழியில் பாடம் நடத்திய இகாஸ்தோலா பள்ளிகளை ஊர்மக்களே தொடங்கினார்கள். பலவும் பெற்றோர்களின் கூட்டுறவுகள். தொழிற்கூட்டுறவுகளின் நிதியும் அவற்றுக்குப் போயிருக்கிறது. மடத்தின் வாசலில் ஒரு பாட்டி பேரனோடு பாஸ்க் மொழியில் பேசிக்கொண்டு இடியாசாபல் கட்டியை நறுக்கி, சீமைமாதுளைப் பாகோடு எங்களுக்கும் நீட்டினார். அவர் படித்த காலத்தில் வகுப்பில் இந்த மொழி பேசினால் அடி விழும். பேரன் அதிலேயே கணக்குப் படிக்கிறான்.

எங்கள் ஊரில் கூட்டுறவுகளின் அந்தப் பத்து சதவீதத்தை ஒத்த ஒன்று இருக்கிறது. நாடார் உறவின்முறைகள் வியாபாரத்தில் எடுத்து வைத்த மகமை. லாபம் வீட்டுக்குப் போகும் முன்பே பொதுவுக்குப் போகும் பணம். வீடுதோறும் சேர்த்த பிடி அரிசியும் மகமையும் கொண்டு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சத்திரிய வித்யாசாலைதான் காமராஜர் படித்த பள்ளி. பத்து சதவீதக் கணக்கை ஓத்தலோராவில் கேட்டபோது எனக்கு அது புதிதாகத் தோன்றாததற்கு இதுவே காரணம். ஆனால் மகமையில் உறுப்பினராகப் பிறந்திருக்க வேண்டும். மொந்த்ராகோனில் சேர்ந்தால் போதும். மகமையில் ஓட்டு வீட்டுத் தலைவருடையது. மொந்த்ராகோனில் அவுசோ லாகுன் பெண்கள் கை தூக்கிவிட்டார்கள். நம்முடைய மரபுக்கு வயது கூடுதல், அவர்களுடைய வாசல் அகலம். இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

நாமும் ஏதோ ஒரு சங்கத்தில் பங்குதாரர்தான். பால் சங்கம், நெசவாளர் சங்கம், கடன் சங்கம், பணியாளர் பண்டகசாலை. நூறு ரூபாய் பங்கு வைத்திருப்பதே பலருக்கு மறந்துபோயிருக்கும். பேரவைக் கூட்ட அறிவிப்பு வந்தால் மிக்சரும் காப்பியும் மட்டும் முடித்துக்கொண்டு வராதீர்கள். ஆண்டறிக்கையில் பொதுநல நிதி என்ற வரியைத் தேடுங்கள். எவ்வளவு என்று கேளுங்கள். எதற்குப் போனது என்று கேளுங்கள். அதை முடிவு செய்தது யார் என்பதை மட்டும் கேட்காமல் எழுந்து வந்துவிடாதீர்கள்.